இரண்டு மாதப் பட்டாளம், பத்து மாத வேலூர்

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ‘ரெண்டு மாச லீவு’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டாளத்துக்காரர் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு காட்பாடியில் இறங்குவார். அறுபது நாளுக்குள் வீட்டுக்குத் தளம் போடுவார், தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பார், கோயிலுக்கு மொட்டை போடுவார், திரும்பிப் போய்விடுவார். கணியம்பாடிக்குப் பக்கத்திலுள்ள கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. வருஷத்தில் பத்து மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே என்பது வட ஆற்காட்டுக்காரர்களுக்கு மூன்று தலைமுறையாகப் பழகிய கணக்கு.

டெரிட்டோரியல் ஆர்மி, சுருக்கமாக டி.ஏ., சொந்த வேலையை விடாமலே பகுதிநேரமாகச் சேரக்கூடிய ராணுவப் பிரிவு. அது இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது: பத்து மாதம் வீடு, இரண்டு மாதம் சீருடை. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. முழுநேர சிப்பாய்க்குக் காலை ஐந்து மணி பி.டி.யைப் பயிற்சி தரும் உஸ்தாத் பார்த்துக்கொள்வார், சாப்பாட்டை ராணுவச் சமையற்கூடமான லங்கர் பார்த்துக்கொள்ளும். டி.ஏ. காலாட்படை வீரர் இரண்டையும் பத்து மாதம் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவே ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட் இருக்கும், ஆம்பூரில் தோல் கம்பெனி இருக்கும், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கும். முகாமுக்கு வந்து முதல் வாரத்திலேயே கால் வீங்கி உட்காருபவர்களில் பெரும்பாலோர் சோம்பேறிகள் அல்லர். பத்து மாதம் சும்மா இருந்துவிட்டு, கடிதம் வந்ததும் பதினைந்து நாளில் எல்லாவற்றையும் பிடித்துவிடப் பார்த்தவர்கள்.

முதலில் அமைப்பு. 1948-ல் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9-ஆம் தேதி அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி இதைத் தொடங்கிவைத்தார். காலாட்படை பட்டாலியன்களில் நம் பக்கத்துக்குத் தெரிந்தவை கோவையிலுள்ள 110 மெட்ராஸ், திருச்சியிலுள்ள 117 கார்ட்ஸ். பயிற்சி முறையில் அர்பன், புரொவின்ஷியல் என்று இரண்டு வகை. அர்பன் பிரிவில் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் பயிற்சி நடக்கும். நான்கு மணி நேரம் ஒரு நாளாகக் கணக்காகும். ஆண்டுக்கு 30 நாள், அதில் 14 நாள் தொடர் முகாம். புரொவின்ஷியலில் ஆண்டுக்கு இரண்டு மாதம் ஒரே மூச்சாக முகாம். வேலூரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கோவைக்கு ஓடிவர முடியாது என்பதால் இங்குள்ளவர்களுக்கு இரண்டாவதுதான் நடைமுறை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பகுதிநேரம் என்ற சொல்லை நம்பி மட்டும் சேரக் கூடாது. அரசு அழைத்தால் பட்டாலியன் ‘எம்பாடி’ ஆகும். அப்புறம் அது முழுநேரப் பணிதான், காஷ்மீரோ வடகிழக்கோ, ஆண்டுக்கணக்கிலும் நீளலாம். 2025 மே மாதம் வந்த அரசாணை, இருக்கும் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ இப்படி அழைத்துக்கொள்ள வழிசெய்தது. அதன் காலம் 2028 பிப்ரவரி வரை. வீட்டில் இதைப் பேசாமல் ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போவது தப்பு.

உடம்புக்கு முன்னால் காகிதம். மத்திய, மாநில அரசு ஊழியர் என்றால் துறையின் தடையில்லாச் சான்று முதலிலேயே வேண்டும்; சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் சிக்கல். தனியார் வேலைக்காரர்களுக்கு டி.ஏ. சட்டத்தின் 7-ஏ பிரிவு துணை நிற்கிறது. அழைக்கப்பட்டுப் பணிக்குப் போய்த் திரும்பியவரை, முன்பிருந்ததைவிடக் குறையாத நிபந்தனைகளில், அதே வேலையில் மறுபடி அமர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். 7-பி, வருங்கால வைப்புநிதி போன்ற உரிமைகள் அறுந்துபோகாமல் காக்கிறது. ஆனால் ஹெச்.ஆர். மேஜையில் சட்டப்பிரிவை எடுத்துப் போட்டுப் பேச்சைத் தொடங்குபவர் பாதி தோற்றுவிட்டார். உற்பத்தி எந்த மாதம் உச்சம், தணிக்கை எப்போது, சக ஊழியர் யாருக்கு அந்த மாதம் கல்யாணம் என்று பார்த்து, முகாம் தேதி தெரிந்த அன்றே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அழைப்பாணையின் நகல் ஒன்று அலுவலகத்தில், ஒன்று வீட்டில். முகாம் முடிந்ததும் பணியாற்றிய நாட்களுக்கான சான்றைக் கையோடு வாங்காமல் ரயில் ஏறாதீர்கள். அப்புறம் தபாலில் வாங்குவது கல்லில் நார் உரிப்பது.

பணம் இன்னொரு விஷயம். முகாம் நாட்களுக்கு ராணுவச் சம்பளம் உண்டு. மற்ற பத்து மாதத்துக்குக் கிடையாது. அந்தச் சம்பளம் கணக்கில் விழும் தேதியும் வீட்டுக்கடன் தவணைத் தேதியும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு தவணை, ஒரு பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவு ஆகியவற்றைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டுக் கிளம்பினால்தான் முகாமில் தூக்கம் வரும். சொந்தக் கடை வைத்திருப்பவருக்கு எந்தச் சட்டமும் துணையில்லை. கடையை யார் திறப்பது என்ற கேள்விக்கு மச்சானோ தம்பியோ பதிலாக இருக்க வேண்டும்.

இனிப் பயிற்சி. முகாம் தேதியிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு வாரம் எண்ணுங்கள். அதற்கு முந்தைய மாதங்கள் பராமரிப்புக் காலம்: வாரம் மூன்று ஓட்டம், இரண்டு நாள் பீம் (கம்பியைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுப்பது), அவ்வளவே. பன்னிரண்டு வாரத்தில்தான் சுமை ஏறும்.

ஷிப்ட் வேலையில் இருப்பவருக்குத் திங்கள், செவ்வாய் என்று அட்டவணை போட்டால் இரண்டாம் வாரமே கிழியும். ஷிப்டை வைத்துப் போட வேண்டும். காலை ஆறிலிருந்து இரண்டு வரை ‘ஏ’ ஷிப்ட் என்றால் பயிற்சி மாலை ஐந்தரைக்கு. கடினமான ஓட்டமெல்லாம் இந்த வாரத்தில். மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை ‘பி’ ஷிப்ட் என்றால் விடியற்காலை ஐந்தரை. சுமை நடைக்கு ஏற்ற வாரம் இதுதான், நேரமும் நீளம், வெயிலும் இல்லை. இரவு ‘சி’ ஷிப்ட் வாரத்தில் சுமையைத் தொடாதீர்கள். காலையில் வேலை முடிந்த கையோடு மைதானத்துக்குப் போவது வீரம் மாதிரி தெரியும். தூக்கமில்லாத உடம்பில் கணுக்கால் சுலபமாகப் பிசகும். மதியம் ஒரு மணி வரை தூங்கி எழுந்து, மாலையில் முப்பது நிமிஷம் மெல்லோட்டம் போதும். மூன்று வாரச் சுழற்சியில் இரண்டு கனமான வாரம், ஒரு இலகுவான வாரம் தானாகவே கிடைத்துவிடுகிறது. பயிற்சி வகுப்புகளில் காசு கொடுத்துக் கேட்கும் திட்டமும் ஏறக்குறைய இதுதான்.

ஓட்டத்தில் தெரிந்திருக்க வேண்டிய தூரங்கள் மூன்று. ஆள்சேர்ப்பில் 1.6 கி.மீ., சேர்ந்த பிறகு வரும் பி.பி.டி. என்ற உடற்தகுதித் தேர்வில் 2.4 கி.மீ., பி.பி.இ.டி. என்ற போர்த்திறன் தேர்வில் முழு போர்ச் சுமையும் துப்பாக்கியுமாக 5 கி.மீ. 400 மீட்டர் ஓடுதளத்தில் முறையே நான்கு சுற்று, ஆறு சுற்று, பன்னிரண்டரைச் சுற்று. முப்பது வயதுக்குட்பட்டவருக்கு அந்த 5 கி.மீ.க்கு நெடுநாளாக இருந்துவந்த அளவு, 25 நிமிஷத்தில் முடித்தால் எக்ஸலன்ட், 28 நிமிஷம் கடைசி வரம்பு. அளவுகோல்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால் உங்கள் பட்டாலியனில் நடப்பு அட்டவணையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுமையோடு 28-க்குள் வர வேண்டுமென்றால், வெறும் உடம்போடு 23 நிமிஷத்தில் 5 கி.மீ. ஓடத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் சுமையோடு ஓடிப் பழக வேண்டாம். சுமையோடு நடங்கள், சுமையில்லாமல் ஓடுங்கள். இரண்டையும் சேர்ப்பதை முகாமுக்கு விட்டுவிடுங்கள். சுமையோடு ஓடும்போது முழங்காலிலும் கெண்டைக்கால் எலும்பிலும் விழும் அடி பல மடங்கு. முகாமில் அதைக் கண்காணிக்க ஆள் உண்டு, ஊரில் கிடையாது.

கெண்டைக்கால் எலும்பின் உட்பக்கம் வலிப்பது இங்கு எல்லோருக்கும் வரும். வலி நீளவாக்கில் பரவலாக இருந்து, ஓடி உடம்பு சூடானதும் குறைந்தால் அது ஷின் வலி. தூரத்தைப் பாதியாக்கினால் அடங்கும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் விரலை வைத்ததும் சுரீரென்று வலித்து, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் எலும்பில் விரிசல் இருக்கலாம். அன்றோடு ஓட்டம் நிறுத்தம், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று பயிற்சியைக் கூட்டிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் இது அதிகம் வரும். எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது முதலில் கொஞ்சம் பலவீனமாகி, பிறகுதான் கெட்டிப்படும். மூச்சும் தசையும் அதற்குள் முந்திக்கொண்டுவிடுவதால்தான், ‘நல்லாத்தானே ஓடிட்டிருந்தான்’ என்று எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள்.

சுமைக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் 5 கிலோ, 4 கி.மீ. நான்காம் வாரத்தில் 8 கிலோ, 6 கி.மீ. எட்டாம் வாரத்தில் 12 கிலோ, 8 கி.மீ. பதினோராம் வாரத்தில் 15 கிலோ, 10 கி.மீ. கடைசி வாரம் சுமையே வேண்டாம். ஒரு வாரத்தில் எடையைக் கூட்டினால் தூரத்தைக் கூட்டாதீர்கள். வாரத்துக்கு ஒரு சுமை நடை போதும். இரண்டு போனால் தோள் தாங்கும், பாதம் தாங்காது. மணிக்கு ஐந்து, ஐந்தரை கி.மீ. வேகம் சரி. பிட்டு எனும் முதுகுப் பையில் எடை எங்கே இருக்கிறது என்பது எடையைவிட முக்கியம்: அடியில் போர்வை, துணி, எடை மேலே, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகோடு ஒட்டி. மணல் மூட்டை அடியில் சரிந்து இடுப்பை இழுக்கும். தவிர, பாலாற்று மணலை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் நடந்தால் என்ன ஆகும் என்று வேலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோ அரிசிப் பொட்டலங்களைத் துண்டில் சுற்றி வைப்பது நல்லது.

ஏற்றத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படிகள் காலாட்படைக்காரருக்குக் கிடைத்த வரம். கார்த்திகை மாதத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூட்டம் இருக்கும், அப்போது பக்தர்களுக்கு இடைஞ்சலாகப் போகக் கூடாது. குரங்குகள் பையைப் பிடுங்கும்; வெளிப்புறப் பையில் தின்பண்டம் வைக்காதீர்கள். ஏறுவது மூச்சை வாங்கும், இறங்குவதுதான் முழங்காலை வாங்கும். தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், மறுநாள் கழிவறையில் உட்கார முடியாமல் போவது இறக்கத்தால்தான். அதற்கு எளிய வழி, சுமையாகத் தண்ணீரையே கொண்டுபோவது. ஐந்து இரண்டு லிட்டர் பாட்டில், 10 கிலோ. மேலே போய் மரத்தடியில் ஊற்றிவிட்டு வெறும் பாட்டிலோடு இறங்கலாம். சுமையோடு இறங்குவதைக் கடைசி நான்கு வாரத்தில் சிறிது சிறிதாகப் பழகினால் போதும்.

பாதம். ராணுவ பூட்ஸ் புதிதாகக் கிடைத்தால் முகாமில் அணிந்து பழகலாம் என்று வைத்திருக்காதீர்கள். வீட்டில் ஒரு மணி நேரம், பிறகு கடைக்குப் போகவர, பிறகு இரண்டு கி.மீ. என்று மூன்று வாரம் ஆகும். அளவு பார்க்க வேண்டியது மாலையில், தடித்த சாக்ஸோடு. லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். உள்ளே மெல்லிய நைலான் சாக்ஸ், மேலே கம்பளி சாக்ஸ் போட்டால் உராய்வு இரண்டு துணிகளுக்கு நடுவே நடக்கும், தோல் தப்பிக்கும். சூடு பட்டதாக ஓரிடம் உறுத்தினால் அப்போதே நின்று பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம் என்பவருக்குக் கொப்புளம் நிச்சயம். கொப்புளம் வந்துவிட்டால் தோலை உரிக்காதீர்கள். சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை அப்படியே விட்டுக் கட்டுங்கள். தோல் பதனிடும் கம்பெனியில் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸில் நிற்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஈரத்தில் ஊறிய பாதம் பார்க்கத்தான் தடிப்பாக இருக்கும், சீக்கிரம் உரிந்துபோகும். இடைவேளையில் சாக்ஸ் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, இரண்டு மணி நேரம் காற்றாட விட்ட பிறகே ஓடப் போங்கள்.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரருக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வெயிலூர் என்று நாமே கேலி பேசுகிறோம். ஆனால் வெயிலில் இருப்பது வேறு, வெயிலில் உழைப்பது வேறு. ஏ.சி. அறையில் எட்டு மணி நேரம் வேலை பார்க்கும் வேலூர்க்காரருக்கும் ஊட்டிக்காரருக்கும் முகாமில் பெரிய வித்தியாசம் இருக்காது. உடம்பு வெப்பத்துக்குப் பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் வேண்டும். தினமும் ஒரு மணி நேரமாவது வியர்க்க வியர்க்க நடக்க வேண்டும். பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், அதிகம் வியர்க்கும், வியர்வையில் உப்பு குறையும். இந்தப் பழக்கம் மூன்று, நான்கு வாரத்தில் கரைந்துவிடும் என்பதால் மே மாதம் பழகியது செப்டம்பர் முகாமுக்கு உதவாது. முகாமுக்கு முந்தைய இரண்டு வாரத்தில், காலை ஒன்பதரைக்கு மேல் அரை மணி நேரத்தில் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு ஏற்றுங்கள், சுமையில்லாமல், துணையோடு. அக்னி நட்சத்திரத்தில் நடுப்பகலில் இதைச் செய்யக் கூடாது. நாற்பது டிகிரியைத் தாண்டும் நாளில் காலை எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. குடிக்காமல் விழுபவர் உண்டு. வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தே விழுபவரும் உண்டு. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று வரும். பார்ப்பவர் வெயில் தாக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகாதீர்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் உப்பும் வேண்டும்: ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று ஒரு லிட்டருக்கு, அல்லது ஒரு லிட்டருக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழில் மோரும் உப்பும் சேர்த்துக் குடித்துவிட்டுப் போகிறவர் ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவிட்டார். கூட ஓடுபவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, தோல் கொதித்தாலோ முதல் வேலை குளிர்விப்பது. நிழலுக்கு இழுத்து, துணியைத் தளர்த்தி, கிடைத்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பீமுக்கு ரகசியம் எதுவும் இல்லை. ஒரே நாளில் மூச்சுமுட்ட எடுப்பதைவிட, நாளுக்கு ஐந்து தடவை, உங்கள் உச்சத்தில் பாதி எண்ணிக்கை எடுங்கள். உச்சம் ஆறு என்றால் மும்மூன்று. ஆறு வாரத்தில் பத்தைத் தொடலாம். கயிறு ஏறுவதற்கு ஒன்றரை அங்குலத் தடிமன் கயிறு, நல்ல மரம். புளியங்கொம்பு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. முருங்கையில் கட்டிவிட்டு யாரையும் குறை சொல்லக் கூடாது. கையால் இழுத்து ஏறுபவர் மூன்றாவது இழுப்பில் தொங்குவார். கயிற்றை ஒரு பாதத்தின் மேல் போட்டு மறு பாதத்தால் மிதித்துப் பூட்டி, காலால் எழுந்து நிற்கப் பழகுங்கள்.

துப்பாக்கிப் பயிற்சியை ஊரில் செய்யவே முடியாது, செய்யப் பார்க்கவும் வேண்டாம். செய்யக்கூடியது, குப்புறப் படுத்து முழங்கை ஊன்றி ஐந்து நிமிஷம் கழுத்து வலிக்காமல் பார்க்கப் பழகுவது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தப் பழகுவது. சாவ்தான், விஷ்ராம், தாயே முட், பாயே முட், பீச்சே முட், தேஜ் சல், தம் என்ற கட்டளைகளைக் காதுக்குப் பழக்கிக்கொள்ளலாம். இந்தி தெரியாதவர் ட்ரில்லில் அரை விநாடி பிந்துவது அர்த்தத்தை யோசிப்பதால்தான். அர்த்தத்தை விட்டுவிட்டு ஒலியைப் பிடியுங்கள்.

வீட்டிலிருந்தபடியே மற்றவர்களை முந்திக்கொள்ளக்கூடிய பாடம் வரைபடம். வேலூர் நகரம், பழைய எண்முறையில், சர்வே ஆப் இந்தியாவின் 57 P/1 தாளில் வருகிறது. 1:50,000 அளவு, இரண்டு சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். வரைபடத்தின் கட்டங்களை வைத்துச் சொல்லும் ஆறு இலக்க கிரிட் எண் நூறு மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். கோட்டைக்குக் கிழக்கே நகரைச் சுற்றி நிற்கும் மலைகள் இந்தப் பாடத்துக்கென்றே அமைந்த மாதிரி இருக்கின்றன. பாலாற்றுப் பக்கம் திறந்த இடத்தில் நின்று, வரைபடத்தில் அடையாளம் தெரிந்த இரண்டு உச்சிகளுக்குக் காம்பஸில் கோணம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 180 டிகிரியைக் கூட்டியோ கழித்தோ, அந்த உச்சிகளிலிருந்து கோடு இழுங்கள். வெட்டும் இடம் நீங்கள் நிற்கும் இடம். மூன்றாவது உச்சிக்கும் எடுத்தால் தப்பு வெளிப்படும்: மூன்று கோடும் ஒரு சின்ன முக்கோணத்துக்குள் வர வேண்டும், பெரிய முக்கோணம் வந்தால் ஏதோ ஒரு மலையை மாற்றிப் பார்த்திருக்கிறீர்கள். பைக் மேல் காம்பஸை வைத்து அளப்பதும், சட்டைப் பையில் செல்போனோடு அளப்பதும் இங்கே அதிகம் நடக்கும் பிழைகள்.

அடி எண்ணுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சாலையோர 200 மீட்டர் கற்களுக்கிடையே இடது கால் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணிப் பாதியாக்கினால் நூறு மீட்டர் கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு அறுபதிலிருந்து அறுபத்தைந்து வரும். சுமையோடு ஒரு முறை, ஏற்றத்தில் ஒரு முறை, இருட்டில் ஒரு முறை எண்ணி மூன்றையும் எழுதிவையுங்கள். மூன்றும் வேறுவேறாகத்தான் இருக்கும்.

முகாம் முடிந்து ஊருக்கு வந்த முதல் பத்து நாள் எல்லோரும் கோட்டைவிடும் இடம். அறுபது நாள் லங்கர் பசி அப்படியே இருக்கும், உழைப்பு நின்றிருக்கும். ஆம்பூர் பிரியாணிக்கு நாங்கள் எதிரி அல்ல, ஆனால் அந்தப் பத்து நாளில் தினம் என்றால் சீருடையின் இடுப்புப் பட்டன் பதில் சொல்லும். ஒரு வாரம் முழு ஓய்வு, பிறகு வாரம் மூன்று ஓட்டம் என்ற பழைய பராமரிப்புக்கே திரும்புங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில்: கால் நகங்களை மூன்று நாள் முன்பே நேராக வெட்டுங்கள், கடைசி நாளில் வெட்டி ஓரம் சதையில் ஏறினால் முதல் நாள் ட்ரில்லிலேயே தெரியும். சாக்ஸ் ஆறு ஜோடி. பிளாஸ்திரி ஒரு சுருள், ஊசி நூல், ஓ.ஆர்.எஸ். பத்துப் பொட்டலம், அழைப்பாணையின் அசல், வங்கிப் புத்தக நகல். கோவைக்குப் போகிறவர்கள் காட்பாடியில் நள்ளிரவை ஒட்டி வரும் சேரனைப் பிடிப்பது வழக்கம். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகக் காலைக் கோவை எக்ஸ்பிரஸில் போய்விடுங்கள். தூங்காத கண்ணோடு மருத்துவப் பரிசோதனைக்குப் போய் நின்றால் ரத்த அழுத்தம் ஏறித்தான் காட்டும், அப்புறம் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.